ட்ரிப் ஷீட்டைக் கிழிக்காதே

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். 1961-ல் கிளீனராக ஏறி, 1968-ல் ஸ்டியரிங் பிடித்து, 2004-ல் வண்டியை விட்டு இறங்கியவர். மோட்டார் தொழிலாளர் சங்கத்தில் பல வருடம் பொருளாளராக இருந்தவர்.

நானும் லாரிதான் ஓட்டுகிறேன். இப்போது பவர் ஸ்டியரிங் இருக்கிறது, சிலருக்கு ஏ.சி. கேபினும் இருக்கிறது. உங்கள் காலத்தில் வேலை எப்படி இருந்தது?
– கடையநல்லூரிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, கிளீனர் வேலையிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் ஏறும்போது எனக்கு 15 வயது. வண்டி பெட்ஃபோர்டு. விடிவதற்கு முன்னால் எழுந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, ஆயில் பார்த்து, இரும்பு லிவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்ட வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம். உள்டயரில் காற்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தில்தான் தெரியும். காற்றுள்ள டயர் 'டங்' என்று லிவரைத் திருப்பி அடிக்கும். காற்று இல்லாதது 'தொப்' என்று சும்மா இருந்துவிடும். பேட்டரி படுத்துவிட்டால் முன்னால் போய் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். இறுக்கிப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.

தாழையூத்திலிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு கொல்லம் லைன் போவோம். செங்கோட்டை தாண்டிப் புளியரை 'எஸ்' வளைவு வந்ததும் கிளீனர் கீழே குதித்துவிட வேண்டும். கையில் ஒரு மரக்கட்டை. லோடு வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். நான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே வருவேன். வண்டி நின்று பின்னால் சரியத் தொடங்கினால் அந்த நொடியில் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். ராத்திரி 1 மணி, 2 மணிக்கு, மழைச் சாரலில், ஹெட்லைட் வெளிச்சம் முன்னால் போய்விட, பின்னால் கும்மிருட்டில் டயரின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நடப்பேன். கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வந்ததும் டிரைவர் அண்ணாச்சி வண்டியை நிறுத்தி ஒரு சூடம் கொளுத்துவார். அப்போதுதான் நான் கேபினுக்குள் ஏறுவேன்.

அதே 1961-ல்தான் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. 15 வயது முடிந்து 18 ஆகாத பையனை ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வேலையே கொடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியை நான் சங்க அறையில் வைத்துப் படித்தபோது எனக்கு 24 வயது. அன்றைக்கு ரொம்ப நேரம் பேச்சே வரவில்லை.

மில் தொழிலாளர்கள் என்றால் ஒரே வாசலில் கூடுவார்கள். ஊர் ஊராகச் சுற்றுகிற டிரைவர்களைச் சங்கமாக எப்படிச் சேர்த்தீர்கள்?
– சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர்

ஒரு சாவுதான் எங்களைச் சேர்த்தது.

1970-ல் எங்களோடு ஒரு மூத்த டிரைவர் இருந்தார். திசையன்விளைக்காரர். லைனில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது, ஊர்ப் பெயர்தான். அவரும் எல்லோருக்கும் 'திசையன்விளை அண்ணாச்சி'. மதுரை போய்விட்டு வந்த கையோடு தூத்துக்குடி, அங்கே உப்பு ஏற்றித் திரும்ப மதுரை என்று தொடர்ந்து மூன்று ராத்திரி ஓட்டினார். மூன்றாம் நாள் அதிகாலை மூன்றரை மணிக்குக் கயத்தாறு பக்கத்தில் வண்டி சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை. தடம் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று எந்த டிரைவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிளீனர் பையன் கால் உடைந்து பிழைத்தான். அண்ணாச்சி போய்விட்டார்.

வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்க 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. முதலாளியிடம் போய்க் கேட்டோம். 'அவன் என் ஆளே இல்லை, அன்றைக்கு ஒரு நாள் மாற்று ஆளாக வந்தவன்' என்று சொல்லிவிட்டார். ஏழு வருடம் அவரிடம் ஓட்டியவர் அண்ணாச்சி. வருகைப் பதிவேடு என்று ஒன்று அங்கே இருந்ததே கிடையாது. பேட்டா கையில், சம்பளம் கையில். எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை.

கடைசியில் அந்தக் கிளீனர் பையன்தான் காப்பாற்றினான். வண்டி கிளம்பும்போது புக்கிங் ஆபீஸில் ஒரு ட்ரிப் ஷீட் போடுவார்கள். வண்டி நம்பர், லோடு, போகும் ஊர், டிரைவர் பெயர், டீசலுக்குக் கொடுத்த பணம், கீழே ஆபீஸ் கையெழுத்து. ட்ரிப் முடிந்து கணக்கு ஒப்படைத்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம். இந்தப் பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆசை. ஆபீஸ் கணக்கு முடித்து வீசிய தாள்களைப் பொறுக்கி சீட்டுக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தான். நசுங்கிய கேபினிலிருந்து 60, 70 தாள் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் திசையன்விளை அண்ணாச்சி பெயர். கடைசி மூன்று நாளுக்கான தாளும் இருந்தது. அவர் தூங்கவே இல்லை என்பதற்கும் அதுதான் சாட்சி. அவருடைய சம்சாரத்துக்குப் பணம் வந்து சேர இரண்டு வருடம் ஆனது. ஆனால் வந்தது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வண்ணார்பேட்டை ஆற்றுப் படித்துறையில் 23 பேர் கூடினோம். 1926-ம் வருடத்துச் சட்டப்படி அப்போது ஏழு பேர் இருந்தாலே சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. சந்தா மாதம் 1 ரூபாய். நீங்கள் கேட்கிற மாதிரி, எங்களுக்கு ஒரு வாசல் கிடையாதுதான். அதனால் பாதையையே வாசலாக்கினோம். கயத்தாற்றில் ஒரு டீக்கடை, செங்கோட்டையில் ஒரு பஞ்சர் கடை, தூத்துக்குடியில் எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. போகிற வழியில் சந்தாவைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், கடைக்காரர் நோட்டில் எழுதி வைப்பார். ஒரு காசு குறைந்தது கிடையாது.

சங்கத்தின் முதல் தீர்மானம் என்ன தெரியுமா? 'ட்ரிப் ஷீட்டைக் கிழிக்காதே. நகல் எடுத்துச் சங்கத்தில் கொடு.' மாஞ்சோலைத் தேயிலை வந்த பிளைவுட் பெட்டி ஒன்றை அறை மூலையில் வைத்தோம். மாத வாரியாகச் சாக்கு ஊசியால் கோத்துத் தாள்களை அதில் போட்டு வைத்தோம்.

வள்ளியூர்ப் பக்கம் காற்றில் வைக்கோல் லாரி சாயும் என்பார்களே, உண்மையா?
– பணகுடியிலிருந்து ஒரு மாணவர்

உண்மை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வருகிற காற்று லோடின் பக்கவாட்டில் அறையும். வைக்கோலுக்கு எடை குறைவு, உயரம் அதிகம். காவல்கிணறு தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவோம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டிகள் நிற்பதற்குப் பக்தி ஒரு காரணம். அந்த நிறுத்தத்தில் கயிற்றையும் தார்ப்பாயையும் இன்னொரு தரம் இழுத்துக் கட்டலாம் என்பதும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் வழியில் என்ன சாப்பிடுவீர்கள்?
– தென்காசியிலிருந்து ஒரு வாசகி

பிரானூர் பார்டரில் புரோட்டாவும் சால்னாவும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லை போய்விட்டது, 'பார்டர்' என்ற பெயர் போகவில்லை. மலை ஏறுவதற்கு முன்னால் மட்டும் வயிறு நிறையச் சாப்பிட மாட்டோம், கண் சொக்கும். இரண்டு புரோட்டா, ஒரு கட்டன் சாயா, அவ்வளவுதான்.

நான் சட்டம் படிக்கிறேன். 1961 சட்டத்திலேயே வேலை நேரம் தெளிவாக இருந்தது. பிறகு எதற்கு வேலைநிறுத்தம் செய்தீர்கள்?
– பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மாணவி

நல்ல கேள்வி தாயி. நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நீண்ட தூர லைன் என்றால் அனுமதி வாங்கி 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம். தொடர்ந்து 5 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, அரை மணியாவது ஓய்வு வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். எல்லாம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான். நான் ஓட்டிய இடத்தில் எட்டு லாரி. முதலாளி பெயரில் இரண்டு, சம்சாரம் பெயரில் இரண்டு, தம்பி பெயரில் இரண்டு, மைத்துனர் பெயரில் இரண்டு. வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு கிளீனர் என்றால் ஒரு பெயரில் நாலு பேர். ஐந்தாவது ஆள் எங்குமே வர மாட்டான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸ் சுமார் 620 கிலோமீட்டர். அந்த ரோட்டில், அந்த வண்டியில், லோடோடு போனால் மணிக்கு 30 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிய விஷயம். ஸ்டியரிங்கில் மட்டும் 20 மணி நேரத்துக்கு மேல். சட்டப்படி ஒரு டிரைவருக்கு அது இரண்டு நாளுக்கும் மேலான வேலை. எங்களுக்கு அது ஒரே மூச்சு. பாஸிங், அதாவது வண்டிக்கு அனுமதித்த எடை, 160 மூட்டை சிமெண்டுக்கு, ஏற்றுவது 200 மூட்டை. அதையும் இழுத்துக்கொண்டு மறுநாள் பகலில் மெட்ராஸ் கோடவுனில் நிற்க வேண்டும்.

1973-ல் வண்டியை நிறுத்தினோம். ஒன்பது நாள். சம்பள உயர்வைக் கடைசியில்தான் வைத்தோம். முதல் கோரிக்கை, மெட்ராஸ் லைனுக்கு இரண்டாவது டிரைவர். அடுத்தது, ட்ரிப் ஷீட்டில் கிளம்பிய நேரமும் போய்ச் சேர்ந்த நேரமும் எழுதி, ஒரு நகல் டிரைவர் கையில் தர வேண்டும். சில தோழர்களே கோபப்பட்டார்கள். 'பத்து ரூபாய் கூட்டிக் கேட்பதை விட்டுவிட்டுத் தாளைக் கேட்கிறீர்களே' என்றார்கள். திசையன்விளை அண்ணாச்சி கதையைத் திரும்பச் சொன்னோம்.

தொழிலாளர் அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தை. 'நாலு தனித்தனி நிறுவனம்' என்றது முதலாளி தரப்பு. தேயிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தோம். நாலு பெயரிலும் உள்ள வண்டிகளுக்கு ட்ரிப் ஷீட் எழுதியது ஒரே கணக்குப்பிள்ளை, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அதிகாரி தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு பேச்சின் போக்கு மாறியது. மூன்றாம் நாள் கையெழுத்தானது.

அது 12(3) ஒப்பந்தம். நீங்கள் அப்போதைய தொழில் தகராறு சட்டத்தில் பார்க்கலாம். சமரச அதிகாரி முன்னால் போடுகிற அந்த ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாதவனுக்கும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவனுக்கும் சேர்த்துச் செல்லும். சமரச அதிகாரி இல்லாமல் போடுகிற 18(1) ஒப்பந்தம் என்றால் கையெழுத்துப் போட்ட தரப்புகளோடு நின்றுவிடும். அந்த வித்தியாசத்துக்காகவே கடைசி இரண்டு நாள் பட்டினி கிடந்தோம் என்று சொல்லலாம். ஏனென்றால் எங்கள் 16 பேரில் மூன்று பேர் சங்கத்தில் சேரவில்லை. அவர்களுக்கும் தூக்கம் வரும் இல்லையா.

என் அப்பா உப்பு வியாபாரம் செய்தவர். லாரிக்காரர்கள் வேலைநிறுத்தத்தால் மழைக்கு முன் சரக்கை அனுப்ப முடியாமல் நஷ்டப்பட்டதாகச் சொல்வார். அதற்குச் சங்கம் பொறுப்பில்லையா?
– தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்

உங்கள் அப்பா சொன்னது சரி. அந்த நஷ்டம் நிஜம், அதில் எங்களுக்குப் பங்கு உண்டு. ஐப்பசி மழை பெய்தால் உப்பளத்தில் அம்பாரம் கரையும் என்று எங்களுக்கும் தெரியும். எங்களுக்குள் அதைப் பேசிப் பார்த்துத்தான் 1973-ல் பங்குனியில் வண்டியை நிறுத்தினோம். எல்லாச் சங்கமும் எல்லா நேரமும் அப்படி யோசித்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன். 1908-ல் உங்கள் ஊர் கோரல் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களோடு நின்றார்கள். அவர்களும் வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்டவர்கள்தான். எங்கள் சங்க அறையில் வ.உ.சி. படம் இருந்ததற்கு அதுதான் காரணம்.

என் மகன் அமெரிக்காவில் டிரக் ஓட்டுகிறான். அங்கே பெரிய சங்கம் இருந்தது என்கிறான். உங்களுக்குத் தெரியுமா?
– மேலப்பாளையத்திலிருந்து ஒரு தாயார்

டீம்ஸ்டர்ஸ் என்ற சங்கத்தைச் சொல்லியிருப்பார் அம்மா. 1903-ல் தொடங்கியது. குதிரைகளைப் பூட்டிச் சரக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தப் பெயர். நம் ஊரில் வண்டிப்பேட்டை மாட்டுவண்டிக்காரர்கள் மாதிரி. இன்றைக்கும் அவர்கள் சின்னத்தில் இரண்டு குதிரைத் தலை இருக்கும். 1964-ல் நாடு முழுமைக்கும் ஒரே ஒப்பந்தம் போட்டார்கள், 4 லட்சம் பேருக்கு மேல் அதில் வந்தார்கள். நாங்கள் எட்டு லாரிக்கு ஒன்பது நாள் நின்றோம் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஆனால் அந்த ஒப்பந்தத்தை வாங்கிக்கொடுத்த தலைவர் ஜிம்மி ஹோஃபா 1967-ல் மோசடி வழக்கிலும், தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்த வழக்கிலும் சிறைக்குப் போனார். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் சங்கத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு வரவு செலவை எல்லோர் முன்னாலும் உரக்க வாசிப்பேன், டீச் செலவு உட்பட.

1980-ல் அமெரிக்க அரசு லாரித் தொழிலில் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் சங்கம் இல்லாத கம்பெனிகள் பெருகின, சங்கத்தின் பலம் குறைந்தது. இன்னொரு செய்தி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1960-களிலிருந்து 2003 வரை அங்கே ஒரு டிரைவர் தொடர்ந்தாற்போல ஓட்டக்கூடிய நேரமும் 10 மணிதான், அதற்குப் பிறகு 8 மணி ஓய்வு. அவர்களும் கையால் எழுதி ஒரு லாக் புக் வைத்திருந்தார்கள். இப்போது பெரும்பாலான வண்டிகளில் கருவியே பதிவு செய்துவிடுகிறது. மகனிடம் பேசும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேளுங்கள்.

என் அப்பாவும் லாரி டிரைவர். இப்போது இல்லை. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார். எங்களோடு பேசியதே குறைவு. சின்ன வயதில் அவர் மேல் எனக்கு ரொம்பக் கோபம். அவர் ஏன் அப்படி இருந்தார்?
– அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி

தாயி, உங்கள் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்திருந்தேன்.

உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. என்னைப் பற்றித்தான் சொல்ல முடியும். முப்பது மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பாயில் படுத்தால் எஞ்சின் நிற்காது, காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தரை நகர்கிற மாதிரி இருக்கும். தூக்கத்தில் என் இடது கால் கிளட்சை மிதிக்கும் என்று வீட்டில் சொல்வாள். எஞ்சின் மூடி டிரைவரின் இடது காலை ஒட்டியே இருக்கும், அந்தச் சூட்டில் அந்தக் காலில் முடியே இல்லாமல் போயிற்று. பகல் வெளிச்சம் கண்ணில் குத்தும் என்று ஜன்னலில் பழைய சேலையைத் தொங்கவிடுவாள். பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பிவிடுவாள். சுவரைப் பார்த்துப் படுப்பதும் வெளிச்சத்துக்காகத்தான். யாராவது ஏதாவது கேட்டால் காதில் விழும், பதிலும் மனசில் வரும். வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது. எழுந்திருக்கும்போது அடுத்த லோடுக்கு ஆள் வந்து வாசலில் நிற்பான்.

ஒப்பந்தம் வந்து முதல் தடவையாக இரண்டாவது டிரைவரோடு மெட்ராஸ் போனேன். மதுரையில் ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் பலகையில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவர் கியர் மாற்றுகிற ஒவ்வொரு தரமும் காது அங்கேயே போனது. மேலூர் தாண்டி எப்போதோ கண் அசந்தது. விழித்தபோது திருச்சியில் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம், விடிந்துகொண்டிருந்தது. அந்த ஆற்றை அதுவரை நூறு தரம் கடந்திருப்பேன். தண்ணீரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். மூத்த மகள் எதிரே வந்து நின்றாள். முன்பல் இரண்டும் இல்லை. 'எப்போ விழுந்தது?' என்று கேட்டேன். 'போன மாசமே விழுந்துட்டுப்பா' என்றாள். நடுவில் நான் நாலு தடவை வீட்டுக்கு வந்து போயிருக்கிறேன்.

உங்கள் அப்பா எந்த வருடங்களில் ஓட்டினார், எந்த லைன், அவரை லைனில் எந்த ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். தேயிலைப் பெட்டி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் சங்க அறைக்குள் வந்தபோது அடியில் இருந்த தாள்கள் நனைந்து ஒட்டிக்கொண்டன. மேலே உள்ளவை நன்றாக இருக்கின்றன. 1974-லிருந்து கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் அதில் உண்டு. தேடிப் பார்க்கிறேன்.